பத்து ஐம்பத்தாறுக்குப் புறப்பட்ட கார்

1

எங்கள் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு இடது பக்கம், கடலூர் முதுநகர் மளிகைக் கடை ஒன்றின் தினசரி காலண்டர் தொங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த நகரத்துக்கு நான் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருபத்திரண்டு காலண்டர்களும் தவறாமல் வந்து சேர்ந்திருக்கின்றன. தாள் கிழிப்பது என் வேலை. காலை ஆறு இருபதுக்குக் கிழிப்பேன். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய வேலைகளை எழுதிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஆளுடன் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தும் என் மனைவி சித்ராவை நீங்கள் மனத்துக்குள் ஒரு முறை பாராட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

ராகு கால விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உண்டு. சித்ராவின் கட்சி: காலண்டரில் சனிக்கிழமைக்கு ஒன்பது முதல் பத்தரை என்று போட்டிருந்தால், சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது முதல் பத்தரை. எந்த நாட்டுச் சுவர் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. மகள் கயலின் கட்சி: "அங்க ஒன்பது மணின்னா இங்க விடியக்கால நாலரை. நாம எழுந்திரிக்கறதுக்குள்ள ராகு வந்துட்டுப் போயிடுது. அப்புறம் என்னம்மா?" என் கட்சியில் நான் ஒருவன்தான். ராகு காலம் என்பது பகல் பொழுதின் எட்டில் ஒரு பங்கு. கடலூரில் பகல் பன்னிரண்டு மணி நேரம், ஆகவே பங்குக்கு ஒன்றரை மணி. இங்கே ஜூன் மாதத்தில் சூரியன் நாலு பன்னிரண்டுக்கு எழுந்து இரவு பத்து எட்டுக்குத்தான் விழுகிறது. வகுத்துப் பார்த்தால் பங்குக்கு இரண்டு மணி பதினாலரை நிமிடம். சனிக்கிழமைக்கு மூன்றாம் பங்கு. அதன்படி ராகு காலம் காலை எட்டு நாற்பத்தொன்றில் தொடங்கிப் பத்து ஐம்பத்தைந்தரைக்கு முடியும்.

நாங்கள் வடகடலோரச் சாலைக்குக் கிளம்பியது பத்து ஐம்பத்தாறுக்கு. என் கணக்கு இல்லாமல், வெறும் காலண்டரை நம்பியிருந்தால் இருபத்தைந்து நிமிடம் முன்பே கிளம்பியிருப்போம். மகள் பேச்சைக் கேட்டிருந்தால் எட்டு மணிக்கே.

2

பயணத்துக்கு வெளிப்படையான காரணம் சித்ராவின் தம்பி வேலு. முதுநகர் துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். முப்பத்தெட்டு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம். அவனுடைய விசாவுக்காக நான் தயாரித்த கோப்பில் அறுபத்து நாலு பக்கங்கள், பொருளடக்கம் தனி. முப்பது நாளும் அவன் எங்கே இருப்பான், என்ன பார்ப்பான் என்று ஒரு அட்டவணையும் இணைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் கொடுத்த பிறகு, அது அரசாங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை வேலுவுக்கும் ஊட்டிவிட்டேன். பாவம், தினமும் பல் விளக்கிய கையோடு வந்து நிற்பான்.

"மாமா, இன்னைக்கி எழுதிக் குடுத்தது என்னா?"

"அருங்காட்சியகம்."

"போயிடுவோம் மாமா. எதுக்கு வம்பு."

பன்னிரண்டாம் நாளுக்கு எழுதியிருந்தது: வடகடலோரச் சாலை, இடிந்த கோட்டை, அருவி, தீவிலுள்ள கலங்கரை விளக்கம்.

உள்காரணம் வேறு. கயலுக்குப் பதினெட்டு வயது. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பதினேழாம் எண் பேருந்தில் நேரே போகும் இடம். மற்றொன்று நாட்டின் தென்கோடிக் கடற்கரையில், தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடலைப் பற்றி அவள் படிக்க விரும்பும் படிப்பு அங்கேதான் இருக்கிறது. இங்கே இருப்பது அதற்குப் பக்கத்து வீட்டுப் படிப்பு. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். "நீங்க என்ன நெனக்கிறீங்க?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று இரண்டு முறையும் நழுவினேன். யோசித்தேன். யோசித்ததை எண்ணிட்டு நோட்டில் எழுதினேன். சனிக்கிழமை அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்:

"15:10 – 15:30. கலங்கரை விளக்கம். கயலிடம் பேச வேண்டியது (11 குறிப்புகள்)."

கடற்காற்று, உயரம், பின்னணியில் ஒரு விளக்கு. மகளைப் பதினேழாம் எண் பேருந்தில் ஏற்றுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

3

வடகடலோரச் சாலை பல இடங்களில் ஒரே ஒரு கார் போகும் அகலம்தான். இருநூறு முந்நூறு அடிக்கு ஒரு முறை ஓரத்தில் சிறு ஒதுங்கிடம் இருக்கும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் அதில் ஒதுங்கி வழிவிட வேண்டும். கடந்து போகிறவர் கையை உயர்த்தி நன்றி சொல்வார். ஒதுங்கியவரும் கையை உயர்த்துவார்.

கடலூர்–சிதம்பரம் சாலையில் வண்டி ஓட்டக் கற்றவன் நான். அங்கே வழி என்பது யாரும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்வதுதான். இங்கே வந்த புதிதில் அந்தப் பழக்கத்துக்கு வெட்கப்பட்டு, நேர் எதிர்க் கோடிக்குப் போய்விட்டேன். தொலைவில் ஒரு வண்டி புள்ளியாகத் தெரிந்தாலே ஒதுங்கிவிடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியில் "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் ரசத்துக்கு வந்து சேர்பவனைப் போல.

"அப்பா, அது நிக்குற கார். ஆளே இல்ல அதுல," என்றாள் கயல் பின்னாலிருந்து.

"கிளம்பினாலும் கிளம்பலாம்."

"நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டுமா?"

மார்ச் மாதமே அவளுக்கு உரிமம் வந்துவிட்டது. வண்டிக் காப்பீட்டில் அவள் பெயரையும் முறைப்படி சேர்த்துவிட்டேன். ஆனால் நான் இருக்கும்போது அவளை ஓட்ட விட்டதில்லை. சேர்த்தது அவசரத்துக்கு என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அட்டவணையில் ஓட்டுநர் மாற்றம் இல்லையே," என்றேன். சத்தியமாக இப்படியேதான் சொன்னேன்.

வேலுவுக்கு அந்தக் கைவீச்சு மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு வண்டிக்கும் முன் சீட்டிலிருந்து கும்பிடு போட்டான். "தங்கமான ஜனங்கக்கா. நம்ம ஊர்ல இப்பிடிக் கையத் தூக்குனா கடன் கேக்குறான்னு நெனச்சுக்குவான்." நேரமாகிவிட்டதால் இடிந்த கோட்டையை நகரும் காரிலிருந்தே பார்த்தோம். நான்கு நிமிடம். அருவியைச் சித்ரா பார்த்தாள், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் இருந்தோம். அரசாங்கத்துக்குச் சொல்ல ஒரு சாட்சி போதும்.

இரண்டு முப்பத்தைந்துக்குக் கடற்கரையை அடைந்தோம்.

4

அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. கடல் வற்றும்போது மணலும் பாறையுமாக ஒரு நடைபாதை வெளியே வரும். இருபது நிமிடம் நடந்தால் தீவு. கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும். எத்தனை மணி வரை பாதை பத்திரமானது என்று ஒரு தாள் வெளியிடுகிறார்கள். அதை முந்தைய வாரமே அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு மாலை மூன்றரை வரை என்றிருந்தது. இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். இம்மாதிரித் தாள்களில் அந்தக் கோடைகாலக் கடிகாரத்தைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள், ஒரு மணி நேரம் நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கூட்டினேன். நாலரை என்று சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.

நாங்கள் போகும்போது ஒரு மூதாட்டி நாயுடன் தீவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்திப் பலமாக ஆட்டினார். நாங்கள் நால்வரும் கையை உயர்த்திப் பலமாக ஆட்டினோம். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். காற்றில் அவர் சொன்னது கேட்கவில்லை. நான் என் கைக்கடிகாரத்தைக் காட்டிப் புன்னகைத்தேன். நேர ஒழுங்குள்ள இன்னொரு மனிதரைச் சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி.

தீவின் ஓரத்தில் கடல்நாய்கள் படுத்திருந்தன. "எருமைக் கன்னுக்குட்டிங்க மாதிரி கெடக்குதுங்களே!" என்று வேலு படமெடுக்கப் போனான். போனவன் பாதையைத் திரும்பிப் பார்த்தான். குனிந்து, ஒரு பாறையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"மாமா, தண்ணி திரும்பிடுச்சு போலருக்கே."

உறையோடு தாளை எடுத்து அவனிடம் காட்டினேன். "நாலரை வரை நேரம் இருக்கு மச்சான்."

தாளைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். சிவப்பு மையைப் பார்த்தான். "அப்ப சரி மாமா," என்றான்.

5

கலங்கரை விளக்கத்தின் அடியில் கயலுடன் தனியாக நிற்க வாய்த்தபோது மணி மூன்று நாற்பத்தெட்டு. நோட்டை எடுத்தேன். தொண்டையைச் செருமினேன். அவள் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாம வந்த வழி எங்க?"

வழி இல்லை. நாங்கள் நடந்து வந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் எங்கள் கார் மட்டும் தீப்பெட்டி அளவில் நின்றது.

வேலு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஆழம் ஜாஸ்தி இல்ல. ஆனா இழுப்பு இருக்கு. யாரும் எறங்கக் கூடாது." அவன் என்னிடம் இவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏன்டா, படகுலயே பொறந்தவனாட்டம் பேசுவ. அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றாள் சித்ரா.

"சொன்னேன்க்கா. மாமா தாளு காட்டுனாரு."

"தாளு காட்டுனா?"

"மாமா பேச்ச எப்பிடிக்கா மறுத்துப் பேசறது? அப்பா கேட்டா என்னா நெனப்பாரு?"

இதுதான் எங்கள் பக்கம். அக்காள் புருஷன் சொல்லிவிட்டால் கடலே தவறு. மரியாதையோடு மூழ்குவோமே தவிர மாப்பிள்ளையை மறுத்துப் பேச மாட்டோம்.

கயல் அதற்குள் தாளை உறையிலிருந்து உருவியிருந்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. இந்த நேரங்கள் கோடைகாலக் கடிகாரத்துக்கு ஏற்கெனவே திருத்தப்பட்டவை. உறையின் மடிப்பு அந்த வரியின் மேல் விழுந்திருந்தது. அவர்கள் திருத்தியதை நான் மறுபடியும் திருத்தியிருக்கிறேன்.

கரைப் பலகையில் இருந்த அவசர எண்ணை நான் முன்பே குறித்துவைத்திருந்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. அழைத்தேன். எதிர்முனைப் பெண், இருக்கும் இடத்திலேயே இருங்கள், இறங்காதீர்கள், எட்டு மணிக்குப் பாதை திறந்துவிடும் என்றார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் இருப்பதாகச் சொன்னேன். கொத்சு என்றால் என்ன என்று கேட்டார். சிதம்பரத்திலிருந்து தொடங்கினேன். கயல் போனை வாங்கி, நன்றி சொல்லி வைத்தாள்.

"ராகு காலம் தாண்டிக் கெளம்புனதால இத்தோட போச்சு," என்றாள் சித்ரா. அவள் கிண்டல் செய்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

நான்கு மணி நேரம். அட்டவணையில் எதுவும் இல்லாத நான்கு மணி நேரம் என் வாழ்க்கையில் எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. விளக்கின் சுவரோரம் காற்று படாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கையைத் துடைக்கத் தாள் தேடிய கயலிடம் என் பையைக் காட்டினேன். அவள் நோட்டையும் சேர்த்து எடுத்துவிட்டாள். பதினொரு குறிப்புகள் இருந்த பக்கத்திலேயே அது திறந்திருந்தது.

நான் பதறவில்லை. தமிழில் எழுதியிருந்தேன். ஆறு ஆண்டுகள் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒன்பதே முக்கால் வரை வருகைப் பதிவேட்டோடு நானே அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அந்த லட்சணம் தெரிந்ததால்தான் தமிழைப் பூட்டு மாதிரி நம்பியிருந்தேன்.

"க...ய...லி...டம். கயலிடம். பே...ச வேண்...டியது." விரலை வைத்துக்கொண்டு நகர்ந்தாள். "ஓ."

"கொடு, நானே சொல்லிடறேன்."

"இருங்கப்பா. ஒன்று. பதி...னேழாம் எண் பேருந்து நே...ரே போகிறது." நிமிர்ந்தாள். "போகுது. சரி. இரண்டு. தொள்...தொள்ளா... இது என்ன எழுத்து?"

"ளா," என்றேன். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மூன்று. உனக்குச் சளி பிடிக்கும். நான்கு. கொத்சு." மறுபடி பார்த்தாள். "வெறும் கொத்சுன்னு இருக்கு?"

"விளக்கிச் சொல்லலாம்னு..."

வேலு வாயைப் பொத்திக்கொண்டு கடல்நாய்களைப் பார்க்கத் திரும்பினான். அவன் முதுகு குலுங்கியது.

"ஆறு. அங்கே மழை அதிகம்."

"ஏங்க," என்றாள் சித்ரா, "இந்த ஊருல உக்காந்துகிட்டு இன்னொரு ஊருல மழைன்னு எழுதுனீங்களா?"

"ஒன்பது. அம்மா தனி...யாக இருப்பாள்."

"நானா?" சித்ரா இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். "என்னை எதுக்கு இழுக்கறீங்க? நான் எப்ப தனியா இருந்தேன்? நீங்கதான் வீட்டுலயே கெடக்கறீங்களே, கைல கடிகாரத்தக் கட்டிகிட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கடைசி வரிக்கு அவள் விரல் போய்விட்டது.

"பதினொன்று. மா...லை ஐந்தே கால்." திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. "அவ்ளோதானா? ஐந்தே கால்னா என்னப்பா? பஸ்ஸா?"

"நீ வீட்டுக்கு வர்ற நேரம்," என்றேன். "கதவு சத்தம் கேக்கும்."

அவள் நோட்டை மூடவில்லை. விரலையும் எடுக்கவில்லை. வேலு சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

நிமிராமலே கேட்டாள். "நீங்க இங்க கெளம்பி வரும்போது தாத்தாவும் பாயிண்ட் எழுதி வெச்சிருந்தாரா?"

என் அப்பா புவனகிரி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். எதையும் எண்ணிட்டு எழுதும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. இரண்டு வருடத்தில் திரும்பி விடுவேன் என்று சொல்லிச் சிதம்பரத்தில் ரயில் ஏறினேன். அவர் இறந்தே ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

"எழுதினாரான்னு தெரியல," என்றேன். "பிளாட்பாரத்துல நின்னுகிட்டு டிக்கெட் இருக்கான்னு கேட்டார். இருக்குப்பான்னேன். தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்துட்டு மறுபடியும் டிக்கெட் இருக்கான்னார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை கேட்டார். எனக்கு எரிச்சல். நாட்குறிப்பில்கூட எழுதி வெச்சிருக்கேன். அப்பா மூன்று முறை டிக்கெட் பற்றிக் கேட்டார், மூன்று முறையும் இருக்கிறது என்று சொன்னேன்னு."

"அவ்ளோதானா எழுதுனீங்க?"

"வண்டி ஆறு நிமிடம் தாமதம்னும் எழுதியிருக்கேன்."

7

பாதை ஏழு ஐம்பத்தெட்டுக்கு வெளியே வந்தது. நான் கிளம்பலாம் என்றேன். எல்லோரும் வேலுவைப் பார்த்தார்கள். அவன் இறங்கிப் போய்ப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஒரு கால் மணி போவட்டும் மாமா," என்றான். "சரி மச்சான்," என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வடக்கே ஜூன் மாதத்தில் எட்டரை மணிக்கும் நல்ல வெயில் இருக்கும். கார் அருகே வந்ததும் சாவியைக் கயலிடம் நீட்டினேன்.

"நிஜமாவா?"

"லைசென்ஸ் எடுத்துட்டு வந்தியா?"

"இருக்குப்பா."

அவள் சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்தாள். வேலு முன் சீட்டில், நான் சித்ராவுக்குப் பக்கத்தில் பின்னால். என் காரின் பின் சீட்டில் நான் உட்காருவது அதுவே முதல் முறை. கால் வைக்க இவ்வளவு குறைவான இடத்தில்தான் இவர்களைப் பதினோரு ஆண்டுகளாக ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன்.

அவள் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறை கேட்டுவிட்டாள். மூன்றாம் முறை கேட்க மாட்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டிருக்கணும்?" என்றேன். "இப்பவே அனுப்பிடு."

"எந்த யுனிவர்சிட்டிக்கு?"

"தெற்கே இருக்கறதுக்கு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பதினோரு பாயிண்ட் இருந்துச்சே?"

"அதுல ஆறாவது தப்பு."

"ஒன்பதாவதும் தப்பு," என்றாள் சித்ரா ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

கயல் போனை எடுத்தாள். இரண்டு மூன்று தட்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நாட்டின் அலுவலகங்களுக்கு நான் அனுப்பாத படிவமில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். இது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மணி பார்த்தேன், எட்டு நாற்பத்தொன்று. நோட்டு அவளிடமே இருந்தது.

முதல் ஒதுங்கிடத்தில் எதிரே ஒரு வண்டி வந்தது. அவள் நிதானமாகப் பார்த்து, எதிராளிக்கு வழி கொடுத்தாள். அடுத்ததில் எதிராளி ஒதுங்க, தயங்காமல் கடந்து போனாள். இரண்டு முறையும் கையை உயர்த்தினாள். நான் ஓட்டியிருந்தால் இரண்டிலும் ஒதுங்கியிருப்பேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. செப்டம்பரில் எந்தப் பாதையில் போக வேண்டும், குளிருக்கு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும், கொத்சுக்குக் கத்தரிக்காயை எப்படிச் சுட வேண்டும், எல்லாமே சேர்ந்து தொண்டைக்கு வந்தது. முன்னால் சாய்ந்தேன்.

"கயல், லைசென்ஸ் இருக்கில்ல?"

"இருக்குப்பா."

கடல் இடது பக்கம் மாறிவிட்டது. தீவு தெரியவில்லை, விளக்கின் தலை மட்டும் தெரிந்தது. வேலு ஒவ்வொரு வண்டிக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான். பெரிய சாலைக்கு வந்து சேரும் திருப்பத்தில் அவள் வண்டியை நிறுத்தி இரு பக்கமும் பார்த்தாள். என்னையறியாமல் அவள் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தேன்.

"லைசென்ஸ்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டி, சீட்டைப் பிடித்திருந்த என் விரல்களை ஒரு முறை தட்டினாள்.

"இருக்குப்பா," என்றாள்.